கிளிநொச்சிக் கராத்தே வகுப்பு: பிள்ளையை விடலாம், கறுப்புப் பட்டிக்கு அவசரப்பட வேண்டாம்

கிளிநொச்சிப் பக்கம் பிள்ளைகளைக் கராத்தேக்கு எங்கே விடலாம் என்று கேட்கிற ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். என் இரண்டு பிள்ளைகளும் போகிற வகுப்பைப் பற்றித்தான். பெயரைப் போடவில்லை, குறையும் நிறையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளுக்குப் போகிற ஒரு ரோட்டில், பொதுநோக்கு மண்டபம் ஒன்றில், சனி ஞாயிறு பின்னேரம் நடக்கிற வகுப்பு என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும்.

முதலில் காசு. மாதம் 1500 ரூபா, ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. உடுப்பு 4500 ரூபா, ஆனால் மாஸ்டரிடம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, வளர்ந்த பிள்ளைகளின் பழைய உடுப்பை அவரே விசாரித்து எடுத்துக் கொடுக்கிறார், என் மகன் போடுவதும் அப்படி வந்ததுதான், முழங்காலில் ஒரு ஒட்டு இருக்கிறது. கிறேடிங், அதாவது பெல்ட்டுக்கான பரீட்சை, வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் வைக்கமாட்டார், கட்டணம் 2000. இதைக் கட்டாயம் பாருங்கள். சில வகுப்புகளில் மாதக் காசு குறைவாக இருக்கும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட், பெல்ட்டுக்கு ஒரு பரீட்சை, பரீட்சைக்கு ஒரு கட்டணம், அதற்கு ஒரு சான்றிதழ், சான்றிதழைச் சட்டம் போட இன்னொரு காசு என்று போய்க்கொண்டே இருக்கும்.

இடம் சுமார். சீமெந்துத் தரை, மெத்தை விரிப்பு ஒன்றும் இல்லை. மின்விசிறி இரண்டு, ஒன்று சுழலும். மலசலகூடச் சாவி எப்போதும் வேறு யாரோ ஒருவர் வீட்டில்தான் இருக்கும், அதனால் பிள்ளையை வீட்டில் போகவைத்துவிட்டுக் கூட்டிவாருங்கள். தண்ணீரும் நீங்களே கொண்டுவர வேண்டும். வகுப்பு நாலு மணி என்பார்கள், மாஸ்டர் கிழமை நாட்களில் அரச வேலை, சனிக்கிழமைகளில் தோட்டத்து வேலையை முடித்துக்கொண்டு வருபவர், நாலேகால் நாலரை ஆகும். வந்த பிறகு ஒரு நிமிடம்கூட வீணாக்கமாட்டார், அதையும் சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

படிப்பிக்கிற விதத்துக்குத்தான் நான் அந்த 1500ஐக் கொடுக்கிறேன். எல்லா இடத்திலும் போல கிஹொன், கட்டா, குமிதே என்று மூன்று பாகமாகத்தான் நடக்கிறது. அடிப்படை அடி உதை, பிறகு வரிசையாகச் செய்கிற கட்டா, பிறகு ஆளோடு ஆள். ஆனால் கட்டா செய்கிறபோது நடுவில் நிறுத்தி, "தம்பி, இந்தக் கை ஏன் இடுப்புக்கு வருது?" என்று கேட்பார். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் இன்னொரு பிள்ளையை எதிரே நிறுத்தி, கையைப் பிடிக்கச் சொல்லி, இழுக்கச் சொல்லிக் காட்டுவார். ஹெய்யான் ஷோடான் என்கிற முதல் கட்டாவில் 21 அசைவு இருக்கிறது, அதை மனப்பாடமாகச் செய்ய ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்கு இரண்டு வார இறுதி போதும், ஆனால் இவர் அதையே மாதக்கணக்காக உடைத்து உடைத்துச் செய்விக்கிறார். பார்த்துக்கொண்டு இருக்கிற எங்களுக்கு அலுப்புத்தான். பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை, ஆச்சரியம்.

இன்னொன்று, பெண் பிள்ளைகள் பாதிக்குப் பாதி வருகிறார்கள். பின்னேர ரியூசன் முடிந்து இருட்டுகிற நேரத்தில் லைற் இல்லாத ரோட்டால் சைக்கிளில் வருகிற பிள்ளைகளை வைத்திருக்கிற எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. ஆனால் மாஸ்டர் அவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது உதை இல்லை. கத்து, ஓடு, வீட்டில் சொல்லு, 1929க்கு அடி. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் அந்த நம்பரை ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளைக் கொண்டு திருப்பிச் சொல்லவைக்கிறார். பத்து வயதுப் பிள்ளை வளர்ந்த ஆம்பிளையை அடித்து விழுத்தும் என்று நம்புகிற தாய் தகப்பன் இருந்தால், உங்கள் பிள்ளையை அந்த நம்பிக்கையோடு வெளியே அனுப்பாதீர்கள். இடுப்பில் கட்டியிருக்கிற நிறத்தைப் பார்த்து ஒருத்தனும் பயப்படப்போவதில்லை, பிள்ளை மட்டும் ஓட வேண்டிய நேரத்தில் நின்றுவிடும்.

சரி, எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். இந்த வகுப்பில் 16 வயதுக்கு முன்னர் கறுப்புப் பட்டி இல்லை. சேர்க்கிற அன்றே சொல்லிவிடுவார். மண்ணிறம் வரைக்கும் வரலாம், அதோடு நிற்க வேண்டும். இதனால்தான் நிறையப் பேர் இந்த வகுப்பை விட்டுவிட்டு ரவுணுக்குப் போகிறார்கள், "மூன்று வருடத்தில் கறுப்பு" என்று பனர் கட்டுகிற இடங்களுக்கு. ஒரு தாய் எனக்கு முன்னாலேயே கேட்டார், "மாஸ்டர், இவ்வளவு நல்லாச் செய்யுது பிள்ளை, ஏன் குடுக்கேலாது?" என்று. "நல்லாத்தான் செய்யிறா அம்மா, அதுக்குத்தான் மண்ணிறம் குடுத்தனான்," என்றார். அந்த அம்மா அடுத்த மாதம் வரவில்லை.

நான் மாஸ்டர் பக்கம். கறுப்புப் பட்டி ஏதோ புனிதமான சாமான் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதன் கதை அவ்வளவு பழசும் இல்லை. 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோதான் டான் என்கிற மேல் தரத்தையும் பிறகு அதற்கான கறுப்புப் பட்டியையும் கொண்டுவந்தவர். கராத்தேக்கு அது அங்கிருந்துதான் வந்தது, ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் கொடுத்தது 1924இல். நடுவில் வருகிற மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் பெரிதாகப் பரவியது 1930களில் பாரிஸில் ஜூடோ படிப்பித்த கவாய்ஷி என்பவரால். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பெரியவர்களும் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க இடையிடையே ஒரு அடையாளம் வேண்டும் என்று வந்ததுதான் அது, அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கெல்லாம் முந்தி, 1900களின் தொடக்கத்தில், கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில் இட்டோசு அங்கோ என்பவர் பள்ளிக்கூடங்களுக்குக் கராத்தேயைக் கொண்டுபோய், பிள்ளைகளுக்காகவே பினான் என்று ஐந்து கட்டாவை அமைத்தார். அதுதான் இப்போது எங்கள் பிள்ளைகள் ஹெய்யான் என்று செய்வது. சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்த அந்தக் கட்டாக்களை அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு நிறப் பட்டியும் இல்லாமல்தான் பழகினார்கள். அதனால் பிள்ளைகள் கராத்தே பழகலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அஞ்சு ஆறு வயதிலேயே விடுங்கள்.

என் தகராறு வேறு இடத்தில். கறுப்புப் பட்டி கட்டியவருக்கு வகுப்பில் ஒரு வேலை இருக்கிறது. மாஸ்டரைப் பார்த்து வரிசையில் நிற்கிறபோது வலப்பக்க முனையில் உயர்ந்த பெல்ட் நிற்கும், வணக்கம் சொல்லவைப்பதும் எண்ணிக்கை சொல்வதும் அவர்தான், மாஸ்டர் இல்லாதபோது கீழே இருக்கிற பெல்ட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரண்டு பேர் சண்டைப் பயிற்சி செய்கிறபோது ஒருவனுக்குச் சூடு ஏறினால் இடையில் போய் நிறுத்த வேண்டும், ஒருவருக்கு மூக்கால் இரத்தம் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். இதை ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் செய்யும்?

இது சும்மா வாயால் சொல்வதில்லை, கண்ணால் பார்த்தது. என் தங்கச்சியின் மகன், எனக்குப் பெறாமகன், வேறு ஒரு ஊரில் வேறு ஒரு வகுப்பில் ஒன்பது வயதில் கறுப்புப் பட்டி எடுத்தவர். நல்ல பிள்ளை, உடம்பு வளைந்து கொடுக்கும், கட்டா செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பரீட்சைக்கு 30,000 ரூபாவுக்கு மேல் போனது, கனடாவில் இருக்கிற மாமா அனுப்பினார், சந்தியில் வாழ்த்து பனர் கட்டினார்கள். பிறகு அவர்கள் இங்கே குடிவந்தார்கள், பிள்ளை எங்கள் வகுப்புக்கு வந்தார். மாஸ்டர் பெல்ட்டைக் கழற்று என்று ஒரு சொல் சொல்லவில்லை. முறைப்படி வரிசையில் வலப்பக்க முனையில்தான் நிறுத்தினார். பக்கத்தில் 17 வயது அண்ணன், மண்ணிறப் பட்டி, இவருடைய தலை அந்த அண்ணனின் நெஞ்சுக்கு வரும். எண்ணிக்கை சொல்லச் சொன்னார்கள், பிள்ளை இச்சி, நி, சான் என்று தொடங்கினார், குரல் வரவில்லை. பெரிய பிள்ளைகள் சிரிக்கவில்லை, அது அவர்களின் நல்ல குணம். ஆனால் சோடி பிரிக்கிறபோது யாரும் அவரோடு சேர விரும்பவில்லை. அவருடைய வயதுப் பிள்ளைகளுக்கு அவர் கறுப்பு என்று பயம், பெரியவர்களுக்கு அடிபட்டுவிடும் என்று பயம். மூன்றாவது கிழமை பெல்ட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வந்து, மாஸ்டரிடம் போய், வெள்ளை ஒன்று இருக்கா என்று தானே கேட்டார். தங்கச்சிக்குச் சரியான கோபம், என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்தப் பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் வடிவாகச் செய்தார். பெரிய ஆட்கள் நாங்கள்தான் விதைத்த அடுத்த மாதமே அரிவி வெட்டுக்கு ஆள் கேட்கிறோம்.

ஏன் இந்த அவசரம் என்று யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் காலம் பரீட்சைகளால் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. தரம் 4 வந்ததும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் தொடங்கிவிடும், சனி ஞாயிறு இரண்டும் அதற்குப் போய்விடும், விளையாட்டு எல்லாம் நிற்கும். பிறகு தரம் 6இல் கொஞ்சம் மூச்சு விடலாம், தரம் 10 வந்தால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பு. கராத்தே வகுப்பு நடத்துகிறவருக்கும் இது தெரியும். முதலாம் வகுப்பில் வருகிற பிள்ளை நாலாம் வகுப்பில் நின்றுவிடும், அதற்குள் எல்லாப் பெல்ட்டையும் கொடுத்து முடித்தால் வகுப்புக்கும் வருமானம், தாய் தகப்பனுக்கும் ஒரு படம். இரண்டு பக்கமும் சந்தோசம். அதோடு எங்கள் ஆட்களுக்குச் சான்றிதழ் என்றால் ஒரு தனி ஆசை, அதை நான் பகிடி பண்ணமாட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழைக்கூடத் தொலைத்துவிட்டு 2010இல் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்து தொடங்கிய சனம், பிள்ளையின் பெயர் அச்சடித்த ஒரு கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு பைலில் வைக்க ஆசைப்படுவதில் என்ன பிழை? வெளிநாட்டு உறவுகளின் பிள்ளைகள் வேறு வீடியோவில் கறுப்புப் பட்டியோடு வந்து நிற்கிறார்கள், அம்மம்மாவும் "அங்க அவன் எட்டு வயசில எடுத்திட்டான், எங்கட பிள்ளை என்ன குறைஞ்சவனே" என்று தொடங்கிவிடுவார்.

ஆனால் வெளியில் ஒழுங்காக நடத்துகிற இடங்களில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தென்கொரியாவில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு டான் கொடுப்பதில்லை, பூம் என்று ஒரு தரம், பட்டி பாதி சிவப்பு பாதி கறுப்பு, வயது வந்த பிறகுதான் அதை டானாக மாற்றலாம். பிரேசில் ஜூஜிட்சுவில் இன்னும் கண்டிப்பு, பிள்ளைகளுக்கென்று சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்று தனிப் பட்டிகள், பெரியவர்களின் நீலப் பட்டிக்கே 16 வயது வேண்டும், கறுப்புக்கு 19. கராத்தேயிலும் சில சங்கங்கள் நடுவில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. இப்படி ஏதாவது ஒன்று செய்தால் எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்பது வயதில் கொடுக்கிறதும் முப்பது வயதுக்காரர் கட்டுகிறதும் ஒரே பட்டி, ஒரே சான்றிதழ் என்றால் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உடம்பையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது, அது இறுகிக் கெட்டியாவது பதின்ம வயதின் நடுவில்தான், பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தி. அதற்கு முன்னர் அதில் பலமாக அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கறுப்புப் பட்டிப் பரீட்சை என்று சொல்லிச் சின்னப் பிள்ளையைக் கொண்டு ஓடு உடைக்கவைப்பது, சீமெந்தில் கைமுட்டியை ஊன்றித் தண்டால் எடுக்கவைப்பது, இதெல்லாம் பார்க்கிறவர்கள் கைதட்டத்தான். எங்கள் மாஸ்டர் ஓடு உடைக்கிற வேலையே இல்லை என்கிறார், கூரைக்கு ஓடு கிடைக்காமல் இருந்த காலத்தை நினைத்தால் அது வேறு விதத்திலும் சரிதான் என்று பட்டது.

பிந்தினால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கராத்தே முதன்முதலாக இருந்தது. பெண்கள் கட்டாவில் தங்கம் எடுத்த ஸ்பெயின்காரி சாண்ட்ரா சான்சேஸுக்கு அப்போது 39 வயது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது, ஆறுதலாகப் பழகட்டும்.

மாஸ்டரை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், இனி அவரிலும் ஒரு குறை, பெரிய குறை. மண்ணிறம் எடுத்த பிள்ளைக்கு 16 வரைக்கும் அவரிடம் ஒன்றுமே இல்லை. என் மகள் தரம் 7, இப்படியே போனால் 12 வயதில் மண்ணிறம் எடுத்துவிடுவாள், அதற்குப் பிறகு நாலு வருடம் அதே பட்டியோடு அதே வரிசை. போன வருடம் இப்படித்தான் மூன்று நாலு கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் நின்றார்கள், சலித்துப்போய். சாமத்தியப்பட்ட பிறகு கராத்தே எதற்கு என்று கேட்கிற வீடுகளும் இருக்கின்றன, அந்த நேரத்தில் பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒரு புது அடையாளம் இருந்தால் தாய்க்கும் வாதாட வசதியாக இருக்கும். மண்ணிறத்துக்குள்ளேயே மூன்று படி இருக்கிறது, அதையாவது வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம், கோடு போட்ட பட்டி கொடுக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கொடுக்கலாம். நான் போய்க் கேட்டேன். "யோசிப்பம்" என்றார். எங்கள் ஊரில் யோசிப்பம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். திரும்பவும் கேட்பேன், இதை வாசிக்கிற மற்றத் தாய்மாரும் போய்க் கேளுங்கள், ஆள் பிடிவாதக்காரர் ஆனால் காது கேட்கும்.

பெறாமகன் இப்போதும் வருகிறார். மாஸ்டர் அவருக்கு வெள்ளை கொடுக்கவில்லை, நீலம் கொடுத்தார், அவருடைய கட்டாவுக்கு அது நியாயம் என்று. கனடா மாமாவுக்கு மட்டும் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆக, யாரை விடலாம்? அஞ்சு வயதிலிருந்து விடலாம். பயந்த பிள்ளை, கூச்சமான பிள்ளை, வீட்டில் ஓயாமல் துள்ளுகிற பிள்ளை, எல்லாருக்கும் நல்லது. புலமைப்பரிசில் வருடத்தில் முழுதாக நிறுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடலாம், மாஸ்டர் அதற்கு ஒத்துக்கொள்வார், காசும் பாதிதான் எடுப்பார். பெரிய போட்டிகளுக்கு, பாடசாலை மட்டத்திலிருந்து அகில இலங்கை வரைக்கும் போகவேண்டும் என்கிற ஆசை உள்ள பிள்ளைக்கு இந்த வகுப்பு மட்டும் காணாது, மெத்தையில் பழகிய பிள்ளைகளோடு மோத வேண்டி வரும், அதற்கு வேறு இடமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடத்தில் கறுப்புப் பட்டி வேண்டும் என்றால் இங்கே வரவேண்டாம், அவரும் கோபப்படுவார் நீங்களும் கோபப்படுவீர்கள்.

புதுப் பிள்ளைகளை மாதத்தின் முதல் சனிக்கிழமைதான் சேர்ப்பார். கார்த்திகை மார்கழி மழையில் மண்டபத்தின் ஒரு பக்கம் ஒழுகும், ரோட்டிலும் தண்ணீர் நிற்கும், அந்த நாட்களில் வகுப்பு நடக்கிறதா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.